கனமான கயாக்கைக் காரில் ஏற்றுவது: முதுகும் போகாமல், படகின் அடியும் தேயாமல்

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலை ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை மணலுக்கு நடுவே கருப்பும் சிவப்புமாகப் பொடி மினுங்கும். கருப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே சிர்கான், மோனசைட் எல்லாம் உண்டு. அதற்காகத்தான் மத்திய அரசின் அருமணல் ஆலை அங்கே இருக்கிறது. இதில் கார்னெட்டை உலகம் முழுக்க எதற்கு வாங்குகிறார்கள் தெரியுமா? உப்புத்தாள் செய்யவும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பு அறுக்கும் இயந்திரத்தில் போடவும். அப்படிப்பட்ட மணல் மேல் 40 கிலோ பிளாஸ்டிக் படகை வாலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போனால் அடி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

துடுப்புப் போட்டு ஓட்டும் சிறு படகான கயாக்கின் அடி தண்ணீரில் அவ்வளவாகத் தேய்வதில்லை. தேய்வதெல்லாம் கரைக்கும் காருக்கும் நடுவே உள்ள ஐம்பது அடியிலும், காரின் மேல் போகும் வழியிலும்தான். படகு கனமாக இருப்பதால் இழுக்கிறோம், இழுப்பதால் தேய்கிறது. அதனால் ஏற்றும் முறையைச் சரி செய்துவிட்டால் அடியைக் காப்பாற்றும் வேலை முக்கால்வாசி முடிந்துவிடும். மணக்குடி காயலுக்கோ ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்துக்கோ படகைக் காரில் கொண்டுபோய் வரும் நம் குமரி மாவட்டத்துக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு

மேலே உட்கார்ந்து ஓட்டும் சாதாரண ஒற்றை ஆள் கயாக் 20 முதல் 28 கிலோ வரை இருக்கும். மீன்பிடிக்கென்று வரும் 12, 13 அடி கயாக் 35 முதல் 45 கிலோ. காலால் மிதித்து ஓட்டும் வகை என்றால் 50ஐத் தாண்டும். இது வெறும் படகின் எடை. இருக்கை, துடுப்பு, தூண்டில் தாங்கி, பேட்டரி, ஐஸ்பெட்டி எல்லாம் தனி.

காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்பது கார்க்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. காரோடு வந்த கையேட்டில் கூரைச் சுமை என்ற இடத்தில் போட்டிருக்கும். சிறிய கார்களில் 50 கிலோ, பெரியவற்றில் 75, சிலவற்றில் 100. படகைத் தாங்கக் கூரைக்குக் குறுக்கே மாட்டும் கம்பியான கிராஸ்பாரின் எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். 50 கிலோ தாங்கும் கூரையில் 5, 6 கிலோ கிராஸ்பார் போனால் படகுக்கு மிச்சம் 44. அப்போது 40 கிலோ படகு ஏறலாம், அதில் இருக்கையும் ஐஸ்பெட்டியும் இருந்தால் கூடாது.

நீளவாக்கில் கூரையின் இரு ஓரமும் ஓடும் ரூஃப் ரெயில் நிறைய கார்களில் அழகுக்கு மட்டுமே ஒட்டியது. கையேடு அதில் சுமை ஏற்றலாம் என்று சொல்லவில்லையென்றால் ஏற்றாதீர்கள். "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு சார்" என்று துணைப்பொருள் கடையில் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், கூரை பிய்ந்தால் அவர் வரப்போவதில்லை. அப்படிப்பட்ட கார் என்றால் வாடகைக்குக் குட்டியானை பிடிப்பதே உத்தமம். அதன் தொட்டி 7 அடிதான். 12 அடி கயாக் என்றால் முன்பக்கம் கேபினுக்கு மேல் சாய்ந்து கிடக்கும்படி ஏற்ற வேண்டும், பின்னால் நீட்டிக்கொண்டு போகக் கூடாது.

நீளத்தைப் பொறுத்தவரை நம் ஊர்ச் சிறிய கார் வசதியானது. நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் காரில், 3.66 மீட்டர் வரும் 12 அடி படகு முன்னும் பின்னும் பம்பரைத் தாண்டாமல் உட்கார்ந்துவிடும். 14 அடி என்றால் தாண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில், அனுமதித்த அளவுக்கு மேல் சுமை முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். படகு வாங்கும்போதே காரை அளந்துவிட்டுப் போவது நல்லது.

கரையில், ஏற்றுவதற்கு முன்

படகிலிருந்து கழற்ற முடிந்த எல்லாவற்றையும் கழற்றி டிக்கியில் போடுங்கள். அப்புறம் வடிகால் மூடியைத் திறந்து, அந்தப் பக்கம் சாய்த்து உள்ளே இருக்கும் தண்ணீரை விடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. மூடி வழியாகக் கசிந்து நாலைந்து லிட்டர் உள்ளே நின்றால் அது படகின் எடையைக் கூட்டுவதோடு நிற்காது, தூக்கும்போது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி ஆளையே தள்ளிவிடும்.

அடுத்தது மணல். இதைத் தவிர்க்கவே கூடாது. ஐந்து லிட்டர் கேனின் மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி டிக்கியில் எப்போதும் வைத்திருங்கள். படகின் ஓரம், கிராஸ்பாரில் உட்காரும் இடம், மேலே விழும் தண்ணீர் கீழே இறங்கும் வடிதுளைகளின் விளிம்பு, இந்த மூன்றையும் கழுவினால் போதும். மணல் ஒட்டிய படகைப் பஞ்சு உறை போட்ட பாரில் கட்டி நாகர்கோவில் வரை ஓட்டினால், சாலையின் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த மணல் நடுவில் கிடந்து அரைக்கும். உறையிலும் மணல் புதைந்துபோகும். ஒருமுறை புதைந்தால் அடுத்தடுத்த பயணத்திலும் அதுவே தேய்க்கும். அதனால் உறையையும் ஈரத்துணியால் துடையுங்கள். பிளாஸ்டிக்கை உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் வழியும் உப்புத் தண்ணீர் கார்க் கூரையிலும் பாரின் போல்ட்டிலும் இறங்கினால் துரு நிச்சயம். வீட்டுக்கு வந்ததும் படகைக் கழுவும் குழாயைக் கார் மேலும் பிடியுங்கள்.

தண்ணீரிலிருந்து கார் வரை

இரண்டு பேர் இருந்தால் தூக்குங்கள், அவ்வளவுதான். ஒருவர் அணியத்தில் (படகின் முன்முனை), ஒருவர் அமரத்தில் (பின்முனை). முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, படகை உடம்போடு ஒட்டி. கைப்பிடியில் மட்டும் தொங்கவிடாமல் ஒரு கையை அடியில் கொடுங்கள், பழைய படகில் கைப்பிடித் திருகு பிடுங்கிக்கொண்டு வருவது சகஜம்.

தனியாள் என்றால் தள்ளுவண்டி வேண்டும். இங்கே இரண்டு விஷயம். சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லியான சக்கரம் நம் கடற்கரையில் புதைந்துவிடும், காற்றடைத்த அகலச் சக்கரம்தான் மணலில் ஓடும். இரண்டாவது, வடிதுளைக்குள் கம்பி நுழைத்து நிற்கும் வகை வண்டியைக் கனமான படகுக்குப் போடாதீர்கள். முழு எடையும் இரண்டு துளைகளின் விளிம்பில் இறங்கி, குலுங்கிக் குலுங்கி அங்கேயே விரிசல் விடும். அடியைத் தாங்கிப் பிடித்து பெல்ட் போட்டுக் கட்டும் வகைதான் சரி.

வண்டி இல்லையா? நாலைந்து தென்னை மட்டையைப் பொறுக்கி வாருங்கள். நம் ஊர்க் கரையில் அதற்கா பஞ்சம்! குறுக்கே இரண்டடிக்கு ஒன்றாகப் போட்டு, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, படகைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் விடுபட்ட மட்டையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே வர வேண்டும். மட்டையின் வழவழப்பான முதுகுப் பக்கம் மேலே இருக்கட்டும், ஓலையைச் சீவிவிடுங்கள்.

பாறை இருக்கும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். முட்டம், கடியபட்டணம் பக்கம் நீர்மட்டப் பாறைகளில் சிப்பியும் கொட்டலசு என்ற ஓட்டு உயிரியும் ஒட்டியிருக்கும். அவற்றின் விளிம்பு கத்தி. மணல் தேய்த்தால் மாதக்கணக்கில் தெரியும் காயம், கொட்டலசில் ஒரே அலையில் விழும். அங்கே படகில் உட்கார்ந்தபடியே கரையேற நினைக்காமல், முழங்கால் ஆழத்தில் இறங்கி, மிதக்கவிட்டுப் பிடித்து வாருங்கள்.

கரையில் மீனவர்கள் இருந்தால் "அண்ணே, ஒரு கை குடுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்து, தடி தடியாகத் தோளில் ஏற்றி மேட்டில் காயவைத்துப் பழகிய கரை இது. எடையைத் தூக்குவதில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இழுப்பதைப் பார்த்தால் அவர்களே சத்தம் போடுவார்கள்: "மக்கா, இழுக்காத, தூக்கு!" அவர்கள் வள்ளம் ஏற்றும் வழியில் மட்டும் காரை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான ஊர்களில் தொழிலுக்குப் போகமாட்டார்கள். கரை முழுக்க வள்ளங்கள் ஏறிக்கிடக்கும், கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும்.

காரின் மேல் என்ன இருக்க வேண்டும்

இரண்டு கிராஸ்பார், இரண்டுக்கும் நடுவே முடிந்தவரை அதிக இடைவெளி. எழுபது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நீளமான படகு காற்றில் ஆடும்.

பாரைச் சுற்றி மெத்தை வேண்டும். கடையில் கயாக்குக்கென்றே விற்கும் உறை விலை அதிகம். ஏசி பழுதுபார்க்கும் கடையில் செம்புக் குழாய்க்கு மாட்டும் கருப்பு ரப்பர் நுரைக்குழாய் கிடைக்கும். அதை நீளவாக்கில் கீறி, பாரில் மாட்டி, மேலே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டால் வருடக்கணக்கில் வரும். தண்ணீரையும் குடிக்காது. தையல் கடைப் பஞ்சும் தலையணைப் பஞ்சும் வேண்டாம், உப்புத் தண்ணீரைக் குடித்து நாறும். தென்னந்தும்புக் கயிற்றைச் சுற்றுவதும் வேண்டாம், அது ஒரு அரம்.

ஜே வடிவத் தாங்கிகளில் படகைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கலாம், இரண்டு படகு ஏற்ற இடமும் கிடைக்கும். ஆனால் 40 கிலோ படகை அதன் வாய்க்கு மேல் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். லேசான படகுக்கு அது சரி. கனமான மீன்பிடி கயாக்குக்கு நான் சொல்வது, வெறும் பார், படகு கவிழ்ந்த நிலை. கவிழ்த்து வைத்தால் எடை படகின் கெட்டியான ஓரங்களில் நிற்கும், அடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், எதுவும் அதைத் தொடாது. மழை பெய்தாலும் தண்ணீர் தேங்காது.

தனியாளாக ஏற்றுவது

இதில் ஒரே சூத்திரம்: முழுப் படகையும் ஒருபோதும் தூக்கக் கூடாது. ஒரு முனை, அப்புறம் மறுமுனை. 40 கிலோ படகின் ஒரு முனையைத் தூக்கினால் கையில் வருவது 20 கிலோதான். அந்த 20 கிலோ அரிசிப் பையைத் தோளுக்குத் தூக்க முடிந்தால் இதுவும் முடியும்.

பின்பக்கம் தட்டையாக இருக்கும் உயரமான கார் என்றால் பின்னாலிருந்து ஏற்றலாம். படகைக் கவிழ்த்து, அணியம் காரைப் பார்க்கும்படி, காருக்கு நேர் பின்னால் வையுங்கள். அமரத்துக்கு அடியில் பழைய ரப்பர் மிதியடியோ டயர்த் துண்டோ போடுங்கள், தூக்கும்போது படகு அந்த முனையில்தான் ஊன்றித் திரும்பும். காரின் பின் விளிம்பில் தடிமனான போர்வை. அணியத்தைத் தூக்கிப் போர்வை மேல் சாய்த்துவிட்டு, பின்னால் வந்து அமரத்தைத் தூக்கித் தள்ளுங்கள். தள்ளத் தள்ளக் கையில் எடை குறையும். 12 அடி படகில் 3 அடி தாங்கலைத் தாண்டியதும் கையில் இருப்பது 13 கிலோ சொச்சம்தான், பாதி நீளம் போனதும் படகு தானாகவே நிற்கும். பின் பாரில் இரண்டரை அங்குல பிவிசி குழாயைச் சுழலும்படி மாட்டிவிட்டால் அது உருளையாக வேலை செய்யும். படகு வழியில் சரிந்துவிடாமல் இரு பக்கமும் கயிற்றுத் துண்டு கட்டித் தடுப்பு வையுங்கள்.

ஆனால் நம் ஊரில் ஓடும் ஹாட்ச்பேக்குகளில் பின் கண்ணாடிக்கு மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் 20 கிலோ சாய்ந்தால் உடையும். கார் வைப்பர் அதற்குக் கீழேயே இருக்கும். இந்தக் கார்களுக்குப் பக்கவாட்டு முறைதான்.

அதற்கு ஐந்து, ஆறடி நீள ஜிஐ குழாய் ஒன்று தேவை. முன்பக்க கிராஸ்பார் உள்ளே பொள்ளலாக இருந்தால் அதற்குள் நுழையும் அளவு குழாய் வாங்குங்கள். இல்லையென்றால் பாருக்கு ஒட்டினாற்போல் வைத்து, இரண்டு பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். இடதுபக்கம் இரண்டரை அடி வெளியே நீட்டியிருக்க வேண்டும். இடதுபக்கம் ஏன் என்றால், சாலையோரம் நிறுத்தினால் வண்டிகள் போகும் பக்கம் வலதுதான், முதுகைச் சாலைக்குக் காட்டிக்கொண்டு படகோடு மல்லுக்கட்டக் கூடாது. நீட்டிய முனையில் ரப்பர் நுரைக்குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி, விளிம்பில் துணியைச் சுற்றிக் கட்டுங்கள், படகு வழுக்கி வெளியே விழாமல் தடுக்கும்.

இப்போது படகைக் கவிழ்த்து, காருக்கு இணையாக, இரண்டடி தள்ளிக் கிடத்துங்கள். அணியத்தைத் தூக்கி நீட்டிய குழாயில் வையுங்கள். அசைத்துப் பார்த்து நிலையாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, அமரத்துக்குப் போங்கள். அமரத்தைத் தூக்கிப் பின் பாரில் வையுங்கள். காரின் பக்கம் படகு உரசாமல் கதவின் மேல் விளிம்பில் ஒரு துண்டு தொங்கட்டும். திரும்ப முன்னால் வந்து, அணியத்தைக் குழாயிலிருந்து பாருக்கு நகர்த்துங்கள். அப்புறம் நடுவில் வைத்துச் சீராக்கிவிட்டு, குழாயை உருவிவிடுங்கள். உருவ மறந்து கிளம்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, அதனால் குழாயின் முனையில் சிவப்புத் துணி ஒன்று நிரந்தரமாகக் கட்டியிருப்பது நல்லது. மொத்தத்தில் நீங்கள் தூக்கியது இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் பாதி எடை.

கார் கொஞ்சம் உயரம், கை எட்டவில்லை என்றால் சமையலறை பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறாதீர்கள். மணலில் அது ஒரு பக்கம் புதையும். அகலக் கால் உள்ள இரும்பு ஸ்டூலோ, கதவைத் திறந்து நிலைப்படியில் நிற்பதோ பரவாயில்லை.

இருவர் ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: பக்கத்துக்கு ஒருவராக நிற்காமல், முனைக்கு ஒருவராக நில்லுங்கள், இருவரில் ஒருவர் மட்டும் "தூக்கு" என்று சொல்லட்டும்.

கட்டுவது

25 மில்லிமீட்டர் அகலத்தில், பல்லுள்ள தாழ்ப்பாள் அழுத்திப் பிடிக்கும் சாதாரண பெல்ட்தான் பிளாஸ்டிக் கயாக்குக்குச் சரி. லாரி உதிரிபாகக் கடையில் தொங்கும் 50 மில்லி ராட்சட் பெல்ட் மலிவாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும், ஆசை வரும். வேண்டாம். அதன் கைப்பிடியை இரண்டு முறை அடித்தால் எந்தப் படகின் அடியும் பள்ளமாகிவிடும், கையில் அது தெரியவும் தெரியாது. இதில் நம் வெயிலும் சேருகிறது: காலையில் இறுக்கிக் கட்டிய பெல்ட், பதினோரு மணிக்குப் படகு சூடேறி இளகும்போது அமுங்கி உள்ளே இறங்கும்.

பெல்ட்டைக் கார் மேல் எறியும்போது தாழ்ப்பாள் முனையைக் கையில் வைத்துக்கொண்டு, வால் முனையை எறியுங்கள். மறுபக்கக் கண்ணாடி தப்பிக்கும். பெல்ட் கிராஸ்பாரைச் சுற்றி வர வேண்டும், பார் ரெயிலில் பூட்டிய இடத்துக்கு உள்பக்கமாக. அப்போதுதான் வெளியே நழுவாது. தாழ்ப்பாளுக்கு அடியில் துணி. கையால் இழுக்க முடிந்த அளவு இழுத்தால் போதும், காலை ஊன்றி இழுக்கக் கூடாது. மீதி வாலைப் பாரில் முடிச்சுப் போடுங்கள். காற்றில் பெல்ட் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டால் அதில் ஒரு முறுக்குக் கொடுங்கள், அடங்கிவிடும்.

சரியாக இறுகியதா என்று பார்க்க, அணியத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். படகோடு காரும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி. படகு மட்டும் ஆடினால் மறுபடி.

கயிறுதான் இருக்கிறதென்றால் லாரிக்காரர்கள் பாரம் கட்டும் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையைப் பாரில் கட்டி, படகு மேல் கொண்டுபோய், மறுபக்கம் இறங்கும் இடத்தில் கயிற்றிலேயே ஒரு சுருக்கு விடுங்கள். வால் முனையைப் பாருக்கு அடியில் கொடுத்து, மேலே கொண்டுவந்து அந்தச் சுருக்கின் வழியாக நுழைத்து, கீழ்நோக்கி இழுங்கள். கப்பி போட்ட மாதிரி இழுவை கூடும். இழுத்த இடத்தை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, அங்கேயே இரண்டு அரைமுடிச்சு. நைலான் நனைந்தால் நீளும், மழையில் நடுவழியில் தளரும். வலைக்கடைகளில் கிடைக்கும் நீல நிறக் கயிறு வெயிலில் நாளாக ஆக நார் நாராக உதிரும், மேலே தூசி மாதிரி வெள்ளைப் பொடி கையில் ஒட்டினால் அதைத் தூக்கிப் போடுங்கள். பாலியெஸ்டர் நல்லது.

அணியத்துக்கும் அமரத்துக்கும் தனிக் கயிறு அவசியம், நெடுஞ்சாலை ஏறினால் கட்டாயம். முன்பக்கம் எங்கே கட்டுவது என்று பலர் தேடுவார்கள். டிக்கிக்கு அடியில் உள்ள கருவிப் பையில் வளையத்தோடு ஒரு தடித்த இரும்புத் திருகு இருக்கும், காரை இழுப்பதற்கானது. பம்பரில் ஒரு சிறிய சதுர மூடியை நெம்பினால் அதற்கான துளை தெரியும். அதில் முழுதாகத் திருகிவிட்டுக் கயிற்றைக் கட்டுங்கள். இந்தக் கயிறு படகைக் கீழே அழுத்துவதற்கல்ல, மேலெழும்பாமல் பிடிப்பதற்கு. அளவாக இறுக்கினால் போதும். தளர்ந்து தொங்கினால் முன் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனமே வேண்டாம், இருமுறை சரிபாருங்கள்.

சாலையில்

கிளம்பிய ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாக் கட்டையும் தொட்டுப் பாருங்கள். வேகம் இரட்டிப்பானால் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். 40இல் ஒன்றும் தெரியாத படகு 80இல் பாரைப் பிடுங்கப் பார்க்கும். 60ஐத் தாண்டாமல் போனால் நிம்மதி.

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் போவதென்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே உள்ள அந்தக் கணவாயில் நெருங்கி, வேகமெடுத்து வெளியே வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பதே அதனால்தான். அகலமான அடியோடு படகு மேலே இருக்கும்போது திடீர்க் காற்று ஸ்டீயரிங்கில் தெரியும். அங்கே வேகத்தைக் குறைத்து, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். அதிகாலையில் காற்று பொதுவாகக் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

கார் உயரம் அரை மீட்டர் வரை கூடியிருக்கிறது என்பதும் மறந்துவிடும். அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப் பாதையும் அடுக்குமாடிக் கார் நிறுத்தமும் மட்டுமல்ல, கோயில் கொடையோ பங்குத் திருவிழாவோ நடக்கும் ஊரில் தோரணமும் சீரியல் விளக்கும் எவ்வளவு தாழத் தொங்கும் என்று நம் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

இறக்குவது ஏற்றியதன் தலைகீழ். முதலில் முன், பின் கயிறுகள், கடைசியாக பெல்ட். காற்றடிக்கும்போது இரண்டு பெல்ட்டையும் ஒரேயடியாக அவிழ்க்காதீர்கள். காரைச் சரிவில் நிறுத்தினால் படகு தானாக வழுக்க ஆரம்பிக்கும்.

அடி தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது

மெல்லிய கீறல்களைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், பிளாஸ்டிக் படகுக்கு அது சாதாரணம். கீறலின் ஓரத்தில் மயிர் மயிராக நிற்கும் பிசிறை மட்டும் பிளேடால் சீவிவிடலாம். கவனிக்க வேண்டியது அமரத்தின் அடி நுனி, ஒரு உள்ளங்கை அளவு இடம். இழுக்கும்போது முழுக்க அதன் மேல்தான் எடை.

நல்ல சோதனை ஒன்று உண்டு. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, படகின் மூடியைத் திறந்து செல்போன் டார்ச்சை உள்ளே அமரம் பக்கம் காட்டுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, வெளிர்நிறப் படகென்றால் அடி மங்கலாக ஒளிரும். தேய்ந்து மெலிந்த இடம் மட்டும் சுற்றியுள்ளதைவிடப் பளிச்சென்று தெரியும். கருப்பு, அடர்நீலப் படகில் இது சரிவராது, அங்கே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது உள்வாங்கினால் மெலிந்திருக்கிறது. ஓட்டை சந்தேகம் என்றால் ஒரு வாளித் தண்ணீரைப் படகுக்குள் ஊற்றி, அமரத்தைத் தாழ்த்திச் சாய்த்துவைத்து, வெளியே துளிக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே எம்-சீல், அரால்டைட் எல்லாம் எடுபடாது. கயாக் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் அந்தப் பசைகள் ஒட்டாது, ஒட்டினாற்போல் இருந்து தகடாக உரிந்து வரும். பரிகாரம் பக்கத்திலேயே இருக்கிறது: வீட்டு மாடியில் நிற்கும் தண்ணீர் டேங்கும் பெரும்பாலான கயாக்குகளும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக், சூட்டில் அச்சைச் சுழற்றி வார்க்கும் ஒரே செய்முறை. டேங்க் விரிசலைச் சூடுகாற்றுத் துப்பாக்கி வைத்து ஒட்டும் ஆட்களிடம் காட்டினால் செய்து கொடுப்பார்கள். ஒட்டுக்குப் போடும் குச்சி பாலிஎத்திலீனாக இருக்க வேண்டும், வேறு பிளாஸ்டிக் சேராது. முதலில் தெரியாத இடத்தில் கொஞ்சம் உருக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். உருகாமல் கருகினால் அது குறுக்கிணைப்புச் செய்த பாலிஎத்திலீன், ஒட்ட முடியாது. ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், மெலிந்தபோதே அமர நுனியில் கூடுதலாக ஒரு பட்டை உருக்கி ஏற்றிவிட்டால் இனித் தேய்வது அந்தப் பட்டைதான்.

ஃபைபர் கயாக் வைத்திருப்பவர்களுக்கு நம் கரையில் இன்னும் சுலபம். ஃபைபர் வள்ளம் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குளச்சல் போன்ற மீன்பிடி ஊர்களில் கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்திருப்பார்கள். ஆனால் பாரின் மேல் ஃபைபர் படகு புள்ளியாக அழுந்தக் கூடாது, அதற்கு வளைவுக்கு ஏற்ற அகலத் தாங்கி வாங்கியே ஆக வேண்டும்.

பெல்ட் அழுத்திப் பள்ளம் விழுந்த பிளாஸ்டிக் அடியைச் சரிசெய்ய யாரிடமும் போக வேண்டாம். பள்ளம் மேலே தெரியும்படி வெயிலில் ஒரு மணி நேரம் போடுங்கள். பாதி தானாகவே எழும்பும். மீதிக்கு, கொதிக்காத சுடுதண்ணீர் ஊற்றி, உள்ளேயிருந்து கையால் தள்ளி, வெளியே ஈரத்துணி போட்டுக் குளிர விடுங்கள்.

வீட்டில்

சிமெண்ட் தரையில் அடி படும்படி மாதக்கணக்கில் விட்டால் எடையே அடியைத் தட்டையாக்கும். கவிழ்த்தோ, பக்கவாட்டில் சாய்த்தோ வையுங்கள். கொட்டகை உத்தரத்தில் தொங்கவிடுவதென்றால் அகலமான நாடாவில், முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் பின்னிருந்து மூன்றில் ஒரு பங்கிலும் தாங்கும்படி. கைப்பிடிகளில் தொங்கவிட்டால் நடு வளையும். வெயில்தான் பெரிய எதிரி, ஓலைக் கொட்டகை அடியில் போட்ட படகு மொட்டை மாடியில் கிடந்த படகைவிடப் பல வருடம் கூட வரும். நீலத் தார்ப்பாயை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே புழுங்கிச் சூடு ஏறும். பெல்ட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். தாழ்ப்பாளின் ஸ்பிரிங் உப்பில் துருப்பிடித்திருந்தால் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாலே தெரியும், பிடி நழுவும். அந்தப் பெல்ட்டை வீட்டில் வேறு எதையாவது கட்ட வைத்துக்கொள்ளுங்கள், படகுக்குப் புதிது வாங்குங்கள்.